காளான் பவளம் ஏன் வளர மறுக்கிறது?

1991-இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள பால்மைரா பவளத் தீவில் ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டி மூழ்கியது. அந்தச் சிதைவைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை ரோடாக்டிஸ் என்ற காளான் பவளம் (காளான் குடை போன்ற தட்டையான உடல் கொண்ட கடல் உயிர்) போர்த்திவிட்டது என்று 2008-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. துருப்பிடித்துக் கரைந்த இரும்பு அதற்கு உரமாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பிற்பாடு அந்தச் சிதைவையே அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

இதே வகை உயிர்தான் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் அக்கறைக் குறைவு அல்ல, அளவுக்கு மீறிய அக்கறை.

காளான் பவளத்துக்குச் சுண்ணாம்பு எலும்புக்கூடு கிடையாது. ஆகவே, கல்பவளங்களுக்காக நாம் ஊற்றும் கால்சியத்தால் இதன் உடல் வளராது. இதற்கான ஆற்றலில் பெரும்பங்கைத் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தருகின்றன. அந்தப் பாசிகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். தண்ணீரைக் கண்ணாடியாக வைக்க வேண்டும் என்று ஸ்கிம்மரை (நுரை எழுப்பி நீரின் கழிவுகளைப் பிரித்தெடுக்கும் கருவியை) இரவும் பகலும் ஓடவிட்டு, பாஸ்பேட் உறிஞ்சியையும் போட்டுவிட்டால் பாசி பட்டினி கிடக்கும், அதை நம்பியிருக்கும் பவளமும் சுருங்கும். சோதனையில் பூஜ்யம் வந்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் நிலையாக இருந்தால் போதும். பால்மைரா கதையைக் கேட்டு இரும்புச் சத்து வாங்கி ஊற்றிவிட வேண்டாம். முதலில் செழிப்பது வேண்டாத பாசியாகத்தான் இருக்கும்.

வெளிச்சத்திலும் இதே கதைதான். ஒளி மிகுந்தால் பாசிகளின் ஒளிச்சேர்க்கை அமைப்பு திணறுகிறது, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன, பவளம் தன் தட்டு போன்ற உடலைச் சுருக்கிக்கொள்கிறது, நிறமும் வெளுக்கிறது. மங்கலாக இருந்தாலோ காம்பை நீட்டி விளக்கை நோக்கி எழும்பும். தொட்டியின் அடிப்பகுதியில், நிழல் விழும் ஓரத்தில் தொடங்குவதே பாதுகாப்பு. நீரோட்டமும் மெல்லியதாக இருக்கட்டும். தட்டின் விளிம்பு படபடவென அடித்துக்கொண்டால் அது அதிகம்.

இரை கொடுக்கலாமா? டிஸ்கோசோமா என்ற காளான் பவள வகைக்கு உணர்கொம்புகள் ஏறக்குறைய இல்லை என்பதால் அதற்குப் பெரிய இரை வீண். ரோடாக்டிஸ், ரிக்கோர்டியா ஆகிய இரு வகைகளும் பொடியாக நறுக்கிய இறாலை வாங்கிக்கொள்ளும். வாரம் ஓரிரு முறை, பம்பை நிறுத்திவிட்டுக் கொடுத்தால் வித்தியாசம் தெரியும். யானைக்காது எனப்படும் ஆம்ப்ளெக்சிடிஸ்கஸ் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: அது சுருக்குப்பை போல மூடிக்கொண்டு சிறு மீன்களையே விழுங்கிவிடும்.

பெருகும் விதம்தான் இதன் தனிச்சிறப்பு. பவளத்தின் அடியில் பாறையைப் பற்றியிருக்கும் பாதம் மெல்ல நகரும்போது பின்னால் சிறிது தசையை விட்டுச் செல்கிறது. அந்தத் துணுக்கு வாயும் தட்டும் கொண்ட முழு உயிராகிறது. சில வேளை நடுவில் பிளந்தும் இரண்டாகும். அடிக்கடி இடம் மாற்றினால் பாதம் ஊன்றவே நேரம் கிடைக்காது. மாதக்கணக்கில் தொடாமல் விடுவதுதான் கடினமான வேலை என்பது என் கருத்து.

இடம் பிடிக்காவிட்டால் கழன்று மிதக்கும். சளி சுரப்பதால் பசை ஒட்டாது. உடைந்த பவளக் கற்கள் நிரப்பிய சிறு கிண்ணத்தில் வைத்து, மேலே வலைத்துணி கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் விட்டால் ஓரிரு வாரங்களில் ஏதாவதொரு கல்லைப் பற்றிக்கொள்ளும்.

பொறுமையிழந்தவர்கள் கத்தி எடுப்பதும் உண்டு. வாயின் குறுக்கே கூர்மையாக வெட்டினால் இரு பாதிகளும் சில வாரங்களில் தனித்தனி உயிர்களாகும். நன்கு விரிந்து, பருத்து, பல மாதங்கள் ஓரிடத்தில் நிலைத்ததை மட்டுமே வெட்ட வேண்டும். குறிப்பாக ரிக்கோர்டியா யூமா என்ற இனம் வெட்டுக் காயத்திலிருந்து அழுகிக் கரையக்கூடியது; அதைத் தானாகப் பிளக்க விடுவதே மேல்.