காஸ் எங்கே போனது?

“தம்பி, ஏசி கூலிங் குறைவாக் கிடக்குது. கொஞ்சம் காஸ் அடிச்சு விடுங்கோ.”

கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு, சோளகம் வீசத் தொடங்கினால் ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது காதில் விழும் வசனம் இது. முன்பு பழைய வான்காரர்கள் சொன்னார்கள். இப்போது பென்ஸ், பி.எம்.டபிள்யூ, அவுடி வைத்திருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. றப்பர்க் குழாய், சீல் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் கசியலாம். அதற்கு மேல் குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் இங்கே ஓடும் ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலானவை வயது போனவை. சீல்கள் காய்ந்திருக்கும், காரின் முன்னால் நின்று காஸின் சூட்டைக் காற்றில் விடும் கொண்டன்சரின் கீழ்ப்பக்கத்தில் கிரவல் கல் பட்ட காயம் இருக்கும். ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிப்பது, அடியில் வெடித்த தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டர் போடுவது போன்ற வேலை.

“கேஜ் பூட்டிப் பார்த்தவை, பிறஷர் சரியாம்” என்று சிலர் சொல்வார்கள். என்ஜின் ஓடாமல் நிற்கும்போது பார்த்த பிறஷர் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 30 பாகை வெப்பத்தில், பழைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற காஸ் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் கிடந்தாலும் 600 கிராம் கிடந்தாலும் அதே 97தான். கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருக்கும்வரை கேஜ் முள் வெப்பத்தின் சொல்லைத்தான் கேட்கும், அளவின் சொல்லைக் கேட்காது. அளவு தெரிய ஒரே வழி, முழுவதையும் மெஷினால் வெளியே இழுத்துத் தராசில் நிறுப்பது. பொனற்றைத் திறந்தால் எத்தனை கிராம் போட வேண்டும் என்று ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். பல கார்களில் அது அரைக் கிலோவை ஒட்டிய அளவுதான். இவ்வளவு சின்ன அளவில் கையால் மதித்து அடிப்பது சூதாட்டம்.

புதுக்குடியிருப்புப் பக்கத்து அவுடி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இரவில் ஒரு கட்டாக்காலி மாட்டுடன் மோதி, முன் பம்பரை மாற்றியிருந்தார்கள். (மாடு எழும்பிப் போய்விட்டதாம். மாட்டின் உரிமையாளரைத்தான் காணவில்லை.) அதன்பிறகு ஏசி குளிரவே இல்லை. ஓரிடத்தில் இரண்டு தரம் காஸ் அடித்திருக்கிறார்கள். “கொம்பிரசர் எடுபடேல்லை, புதுசு போட வேணும்” என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். காஸை அமுக்கிச் சுற்றவிடும் பம்புதான் கொம்பிரசர்.

ஜப்பான் கார் பார்த்துப் பழகிய கைக்கு அப்படித்தான் தோன்றும். அவற்றில் ஏசியைப் போட்டதும் கொம்பிரசரின் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கும், காதாலேயே நோயைச் சொல்லிவிடலாம். இந்த ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் கிளட்சே கிடையாது. பெல்ற் ஓடும் சில்லு எந்நேரமும் கொம்பிரசரைச் சுற்றும். உள்ளே பிஸ்டன் எவ்வளவு தூரம் போய்வர வேண்டும் என்பதை ஒரு சின்ன வால்வு வழியாகக் கொம்பியூட்டர் தீர்மானிக்கும். அது வேண்டாம் என்று நினைத்தால் நல்ல கொம்பிரசரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

காரின் கொம்பியூட்டரை வாசிக்க ஸ்கானரைப் பூட்டினேன். வெளி வெப்பநிலை: மைனஸ் 40. சித்திரை வெயிலில், வன்னியில்! பம்பருக்குப் பின்னால் இருக்கும் வெளி வெப்ப சென்சரின் பிளக்கைத் திரும்பக் குத்த மறந்திருந்தார்கள். இணைப்பு அறுந்தால் அது அப்படித்தான் காட்டும். வெளியே உறைபனி என்று நம்பிய கொம்பியூட்டர் ஏசியைத் தடுத்துவிட்டது. பிளக்கைத் துப்புரவாக்கிக் குத்த ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் உள்ளே இருந்த காஸை இழுத்துத் தராசில் போட்டபோது, லேபிளில் உள்ளதைவிட 300 கிராமுக்கு மேல் கூட இருந்தது. அப்படியே ஓடியிருந்தால் அமுக்கம் ஏறி உண்மையாகவே கொம்பிரசர் போயிருக்கும். போனால் அதன் உலோகத் துகள்கள் கொண்டன்சரின் ஊசித் துவாரங்களுக்குள் போய் அடைத்துவிடும். கழுவி எடுக்க முடியாது, அதையும் மாற்ற வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கண்டி வீதியில் ஓடும்போது நல்ல குளிர், முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்க நிறுத்தினால் சூடு. அப்படியென்றால் காஸைச் சந்தேகிக்க முன் முன்விசிறியையும் கொண்டன்சரையும் பாருங்கள். எங்கள் செம்மண் புழுதி பத்தாதென்று, அறுவடை முடிந்தால் றோட்டிலேயே நெல் காயும், பதரும் வைக்கோல் தும்பும் காற்றோடு ஏறும். கொண்டன்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் அது கம்பளி மாதிரிப் படிந்திருந்ததைக் கண்டிருக்கிறேன். ஹைபிரஷர் தண்ணீரால் நேரே அடிக்காதீர்கள், மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் சூடு என்றால் டாஷ்போர்ட்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப்பின் மோட்டர் பிழையாக இருக்கலாம். காஸ் குறைந்தாலும் சில கார்களில் இப்படி வரும்.

அடுத்தது காஸின் இனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்கும் புதுக் கார்களுக்கு ஆர்-134ஏ போடக்கூடாது. அதனால் பல கார்கள் ஆர்-1234வைஎஃப் உடன் வருகின்றன. இது இலேசாகத் தீப்பற்றக்கூடியது. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்றுதான் காஸ் ஏற்றும் வாயையே வேறு அளவில் செய்திருக்கிறார்கள். அடப்டர் போட்டுப் பழையதை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிளக்-இன் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அவற்றில் கொம்பிரசரை மின்சாரம் ஓட்டுகிறது. செம்மஞ்சள் வயரில் வருவது ஆளைக் கொல்லும் வோல்ற்றேஜ். மற்றக் கார்களின் கொம்பிரசருக்கு ஊற்றும் பிஏஜி என்ற ஒயில் அதற்குள் போனால் மின்காப்பு கெட்டு, காரே பிழை காட்டி நிற்கலாம். முந்தைய காருக்குப் பாவித்த கேஜ் குழாயில் ஒட்டியிருக்கும் ஒயிலைக்கூட நான் அனுமதிப்பதில்லை. பி.எம்.டபிள்யூவின் சில ஹைபிரிட்களில் பெரிய பற்றறியைக் குளிர்விப்பதும் இதே ஏசி காஸ்தான். “ஏசி இல்லாமல் யன்னலைத் திறந்து ஓடுவம்” என்பது அங்கே சரிவராது.

எந்தக் கராஜுக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை கிராம் வெளியே எடுத்தீர்கள்? எத்தனை கிராம் போட்டீர்கள்? இரண்டையும் பில்லில் எழுதி வாங்கி டாஷ்போர்ட்டுக்குள் வையுங்கள். என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது அந்தத் துண்டைத்தான்.