எக்செல் தேதிகளை ஏன் தாறுமாறாக அடுக்குகிறது?

ஒரு பத்தி (column) முழுக்கத் தேதிகள். பழையதிலிருந்து புதியது வரை அடுக்கச் சொல்கிறீர்கள். பாதி ஒழுங்காக வருகிறது. மீதி, 13/04/2024, 25/01/2022, 28/12/2019 என்று தலைகீழாகக் கடைசியில் போய் நிற்கிறது.

உண்மையில் எக்செல்லுக்குத் தேதி என்று ஒன்று கிடையாது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். 2024 ஏப்ரல் 3 அதற்கு வெறும் 45385. நாள், மாதம், வருடம் எல்லாம் அந்த எண்ணுக்கு மாட்டிய சட்டை. (அந்தக் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளும் உண்டு. எக்செல்லுக்கு முன்பே இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் செய்த பிழை அது. அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே விட்டுவைத்தார்கள்.)

நாம் அடித்ததைத் தேதியாகப் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். ஏறுவரிசையில் எண்கள் முதலில், எழுத்துகள் அப்புறம். எழுத்துகளை இடமிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதால் 13, 25, 28 என்று பார்க்குமே தவிர, வருடம் வரை போகாது.

கணினி அமெரிக்க முறையில் இருந்தால் மாதம்தான் முதலில். பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் 13/04/2024 எழுத்தாக நின்றுவிடும். ஆனால் ஏப்ரல் 3 என்று நினைத்து அடித்த 03/04/2024? சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். எண் 45355, முப்பது நாள் பின்னே. எந்த எச்சரிக்கையும் வராது. வரிசையில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பவைதான் கெட்டுப்போனவை. முரண்டு பிடித்தவை அடித்தபடியே பத்திரமாக இருக்கின்றன!

மூலக் கோப்பு கையில் இருந்தால் வேறெதுவும் செய்ய வேண்டாம். அதை எக்செல்லுக்குள் மறுபடி இறக்குமதி செய்து, அந்தப் பத்தி நாள்-மாதம்-வருடம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இல்லையென்றால், எழுத்தாக நிற்பவற்றை உடனே திருத்தப் போகாதீர்கள். நீங்களாக மாற்றாதவரை எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். மாறிப்போனவை எவை என்பதற்கு இருக்கும் ஒரே தடயம் அதுதான். முதலில் எண்ணாகிவிட்டவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுங்கள். பிறகு எழுத்துகளை எக்செல்லில் உள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ (Text to Columns) வசதி வழியாகத் தேதியாக்கலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எண்ணானவற்றில் 12-க்கு மேற்பட்ட நாள் ஒன்று தென்பட்டால், யாரோ மாதப் பெயரோடோ மாதத்தை முன்வைத்தோ அடித்திருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். அதே ஆள் அடித்த 12-க்கு உட்பட்ட தேதிகள் எவை என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.