ஜிகர்கூன்: ஒரு பாரசீகச் சொல்லும் அதன் தமிழும்

ஜிகர்கூன் என்பது ஆப்கானிஸ்தானில் 'தரி' என்று வழங்கும் பாரசீக மொழியின் அன்றாடச் சொல். நெருங்கிய உறவைப் பறிகொடுத்த பின்போ, பெரிதும் நம்பியிருந்த ஒன்று கைநழுவிப் போன பின்போ, ஒருவரை விட்டு அகலாமல் தங்கிவிடும் துயரத்தை அது குறிக்கும். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்களின் கைக்குப் போனபோது 1,20,000க்கும் மேற்பட்டோர் விமானங்களில் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்கானியர்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலிய நாடுகளில் அவர்களுக்குத் துணைநிற்கும் மனநலப் பணியாளர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொற்களுள் இதுவும் ஒன்று.

ஜிகர் என்றால் கல்லீரல். வடமொழியின் 'யக்ருத்', இலத்தீனின் 'யெகுர்' ஆகியவற்றோடு ஒரே வேரில் பிறந்த சொல் இது. கூன் என்றால் குருதி. முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து உரசி ஒலிக்க வேண்டும். முதுகு வளைவைக் குறிக்கும் நம் 'கூன்' என்பதோடு இதற்கு உறவில்லை. பழைய கிரேக்க மருத்துவமும் அதன் வழிவந்த யுனானியும் குருதி கல்லீரலில்தான் உண்டாகிறது என்று கருதின. பாரசீகக் கவிதையிலோ கல்லீரல் காதலுக்கும் துயருக்கும் இருப்பிடம். 'கல்லீரலின் குருதியை உண்ணுதல்' என்றால் பெருந்துன்பத்தை உள்ளேயே வைத்துப் பொறுத்தல். பெற்ற பிள்ளையை 'ஜிகர்கோஷே', அதாவது கல்லீரலின் ஓரம் என்று சொல்வதும் உண்டு. இந்த வழக்கை அறிந்தவர்க்கு, பிள்ளையை இழந்த தாய் தன்னை ஜிகர்கூன் என்று சொல்லும்போது அச்சொல்லின் முழுக் கனமும் விளங்கும். ஈரானியர் இதே துயரத்தைக் கல்லீரலிலிருந்து நெஞ்சுக்கு மாற்றி, 'தெலம் கூனே' என்பார்கள். அதிலுள்ள 'தெல்' நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துக் குறிக்கும். 'தெல்தர்த்' என்றால் வயிற்றுவலி. உருது வழியாகத் தமிழ்ப் பேச்சுக்கு வந்து துணிச்சல் என்று பொருள் மாறிய 'தில்' இந்தச் சொல்லேதான்.

உளவியலாளர் கென்னத் மில்லரும் அவருடைய ஆப்கானியச் சகாக்களும் காபூல் மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும் சொற்களைக் கேட்டறிந்து, 22 கேள்விகள் கொண்ட அறிகுறிப் பட்டியல் ஒன்றை உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள். ஜிகர்கூன் அதில் இடம்பெற்றது. நரம்பு என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த, சிடுசிடுப்பையும் பதற்றத்தையும் குறிக்கும் 'அசபி'யும், அழுத்தம் என்று பொருள்படும் 'ஃபிஷாரும்' உடன் இடம்பெற்றன. வெளியிலிருந்து கொண்டுவந்த கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேலான வழி என்பது என் உறுதியான கருத்து. பண்பாட்டுக்கு இசைந்த மனநலச் சேவை என்று நாம் சொல்வது, துன்பப்படுபவர் தம் வாயால் சொன்ன சொல்லிலிருந்துதான் தொடங்க முடியும்.

மருத்துவரின் அறையில் இச்சொல் இரண்டு விதமாகத் தவறிப்போகக்கூடும். தரி வழக்கை அறியாத மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், மருத்துவர் கல்லீரல் நோயைத் தேடத் தொடங்கலாம். அது பரிசோதனையில் தெளிந்துவிடும் பிழை. 'மனச்சோர்வு' என்று பெயர்த்துவிடும் பிழை அவ்வாறு வெளிப்படாது என்பதால் அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஈரானில் மனச்சோர்வுக்கு 'அஃப்சோர்தகி' என்ற சொல் உண்டு. உறைந்துபோதல், வாடிப்போதல் என்பது அதன் அடிப்பொருள். அது ஒரு நோயின் பெயர். ஜிகர்கூன் நோயின் பெயரன்று. ஓர் இழப்புக்கு மனிதர் தரும் மறுமொழி. நோயின் பெயரைக் கேட்ட மருத்துவர் உறக்கத்தையும் பசியையும் விசாரித்து மருந்து எழுதிவிடலாம். ஜிகர்கூன் என்று கேட்டவரோ, யாரை இழந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்று விசாரிக்காமல் மேலே செல்ல முடியாது. ஆழ்ந்த ஜிகர்கூன் நாளடைவில் மனச்சோர்வாகவும் முற்றலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை; அப்போது இரண்டு சொற்களும் தேவைப்படும்.

தமிழில் இதற்கு எதை வைப்பது? 'ஈரக்குலை நடுங்குகிறது' என்று நாமும் ஈரலைக் கொண்டு பேசுகிறோம், ஆனால் அது அச்சத்தைச் சொல்வது. 'பெற்ற வயிறு பற்றி எரிகிறது' என்பது பொருளில் மிக நெருங்கி வந்தாலும் பெற்றோருக்கு மட்டுமே பொருந்தும். 'இழப்புத்துயர்' தெளிவான சொல்லாயினும் அதில் உடலின் வலி இல்லை. எனவே 'ஆறாத்துயர்' என்பதையே பரிந்துரைக்கிறேன். புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. தேற்றும் சொல்லுக்கும் 'ஆறுதல்' என்றே பெயர். உடற்காயத்தையும் மனக்காயத்தையும் ஒரே வினையால் சொல்லும் இந்த வழக்கு, கல்லீரலின் குருதியைத் துயருக்குப் பெயராக்கிய பாரசீகத்துக்கு ஈடாக நிற்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தரியில் அச்சொல் மனிதருக்கே அடைமொழியாகும். 'நான் ஜிகர்கூனாக இருக்கிறேன்' என்பதே அங்குள்ள பேச்சு. தமிழில் அப்படிப் பெயர்த்தால் செயற்கையாக ஒலிக்கும். கட்டுரையில் பெயர்ச்சொல்லாக 'ஆறாத்துயர்' என்று எழுதலாம். ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்னதைத் தமிழாக்கும் இடத்தில், 'எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை' என்று எழுதுவதே பொருந்தும்.