முழங்காலில் நின்றும் கவலைப்படலாம்

நாகர்கோவிலில் மனநல ஆலோசனை வழங்கிவரும் என்னிடம், 'எப்போதும் ஒரே கவலையாக இருக்கிறது' என்று சொல்லி வருகிறவர்களில் கணிசமானோர் நன்றாக ஜெபிக்கிறவர்கள். அதிகாலையில் எழுந்து வேதம் வாசிக்கிறவர்கள், உபவாசக் கூட்டங்களைத் தவறவிடாதவர்கள், கத்தோலிக்கப் பங்குகளின் சிறு குழுவான அன்பியத்தில் ஜெபமாலையை முன்நின்று சொல்கிறவர்கள் என எல்லாச் சபைகளிலிருந்தும் வருகிறார்கள். 'ஜெபம் பண்ணுங்கள், எல்லாம் மாறும்' என்ற ஆறுதலைப் போதகரிடமும் உறவினரிடமும் அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருக்கிறார்கள். ஆகவே, ஜெபிக்கிறீர்களா என்று நான் கேட்பதில்லை. எப்படி ஜெபிக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது கரை திரும்பாதவர்களில் அந்தப் பெண்ணின் உறவினரும் உண்டு. அதன்பின், கணவர் கடலுக்குப் போகும் நாட்களில் அவருக்கு இரவில் உறக்கமில்லை. எழுந்து முழங்காலில் நின்று ஜெபிப்பார். வீட்டில் ஜெபிப்பதுபோலவே இங்கேயும் ஜெபித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். 'ஆண்டவரே, போட்டு மறிஞ்சிரக் கூடாது, ராத்திரி கப்பல் வந்து இடிச்சிரக் கூடாது, காத்து கெளம்பிரக் கூடாது, ஒயர்லெஸ் கேக்காம போயிரக் கூடாது' என்று தொடங்கினார். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் தோள்கள் சற்று மேலேறின, மூச்சு குறுகியது, விரல்கள் முந்தானையை முறுக்கின. ஆமென் சொன்ன பிறகும் மனம் அடங்காததால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அந்த வேண்டுதல்களில் ஒன்றும் தவறானதில்லை. கடலோரத்தில் வாழும் எந்தப் பெண்ணும் கேட்கக் கூடியவைதாம். ஆனால் ஒவ்வொரு ஆபத்தையும் மனக்கண்ணில் ஒருமுறை நடத்திப் பார்த்த பிறகே அது நடக்கக் கூடாது என்று அவர் கேட்டார். கற்பனையில் கவிழும் படகுக்கும் உடல் பதறத்தான் செய்யும். இதயம் வேகமெடுக்கும், தசைகள் இறுகும். எல்லா ஆபத்துகளையும் சொல்லி முடித்துவிட்டோம் என்ற நொடிநேர நிம்மதி கிடைப்பதால், மனம் அந்தப் பட்டியலை மறுபடி கேட்கிறது. கவலை என்பதே இப்படி 'ஒருவேளை… ஒருவேளை…' என்று சுற்றிச் சுற்றி வரும் சிந்தனைதான். தேவனைப் பார்த்துச் சொன்னாலும் அதன் சுழற்சி மாறுவதில்லை.

வேதத்தில் பிலிப்பியர் 4:6 நம் வீடுகளின் சுவர்களிலும் காலை நேர வாட்ஸ்அப்பிலும் தவறாமல் காணப்படும் வசனம். 'நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்' என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியபோது அவர் காவலில், கட்டுண்டவராக இருந்தார். தன் வழக்கு எப்படி முடியும் என்று தெரியாத ஒருவர், விண்ணப்பத்தையும் ஸ்தோத்திரத்தையும், அதாவது நன்றியையும், ஒரே மூச்சில் வைக்கிறார். அடுத்த வசனத்தில் அவர் வாக்களிப்பது இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் தேவசமாதானத்தை. கேட்ட காரியம் கேட்டபடியே நடக்கும் என்று அங்கே சொல்லவில்லை. கவலைப்படுகிற விசுவாசி இந்த வேறுபாட்டைக் கவனிப்பது முக்கியம் என்று கருதுகிறேன். காரியம் நடந்தால்தான் சமாதானம் என்று இருக்கிறவர், படகு கரை சேரும்வரை ஜெபித்துக்கொண்டே தவிப்பார். அது கரை சேர்ந்ததும் அடுத்த பயணத்துக்காகத் தவிக்கத் தொடங்குவார்.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து ஜெபத்தின் அமைப்பை மட்டும் மாற்றினோம். கணவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் ஒருமுறை கேட்பது. ஆபத்துகளை விவரிக்காமல் அங்கேயே நிறுத்துவது. அடுத்து, அன்றைய நாளில் நடந்த நன்மைகளுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுவது: போவதற்கு முன் என்ஜினைப் பழுது பார்த்தது, இளையவளுக்குக் காய்ச்சல் விட்டது, பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது. நடுஇரவில் பயம் மீண்டும் வந்தால் புதிய ஜெபத்தைத் தொடங்காமல், 'சொல்லிட்டேன் ஆண்டவரே' என்று மட்டும் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விடுவது. பகலில் கவலைப்படுவதற்கென்றே ஒரு நேரத்தை ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும் கவலைகளை அதற்குத் தள்ளிப்போடும் பயிற்சியை உளவியலாளர்கள் 1980-களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். மாலைக் குடும்ப ஜெபம் அந்த நேரமாக இருக்கலாம். பயம் முற்றிலும் போய்விடவில்லை, போகவும் போகாது. ஆனால் அவர் இப்போது உறங்குகிறார்.

நன்றி சொல்வதில் பலர் செய்வது 'எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்' என்று மொத்தமாகச் சொல்லி முடிப்பது. நம் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு யாரும் 'எல்லா விளைச்சலையும்' கொண்டு வருவதில்லை. ஒரு மட்டி வாழைக்குலை, நாலு தேங்காய், ஒரு மூடு மரச்சீனிக் கிழங்கு என்று கையில் பிடிக்கக்கூடியதையே கொண்டு வருகிறார்கள். நன்றியும் அப்படிக் கையில் பிடிக்கக்கூடியதாக இருந்தால்தான் மனத்தில் வேலை செய்யும். அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரந்தோறும் எழுதியவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள்.

ஆனால் நன்றியைத் துக்கத்தின் வாயை அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளையை இழந்த தாயிடம் 'ஸ்தோத்திரம் சொல்லு' என்று சொல்கிறவர்கள் 13-ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். ஆறே வசனங்கள் கொண்ட அந்தச் சங்கீதம் 'எதுவரைக்கும், எதுவரைக்கும்' என்ற முறையீட்டில் தொடங்குகிறது. நன்றியும் பாடலும் கடைசியில்தான் வருகின்றன.

ஜெபமாலை சொல்கிறவர்களுக்கு ஒரு சொல். இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு, லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, மூச்சோடு இசைந்து இதய, இரத்த ஓட்டத் தாளங்கள் வலுப்படுவதைக் கண்டது. இது விசுவாசத்துக்கான சான்று அன்று. நிதானமான தாளம் உடலை அமைதிப்படுத்துகிறது என்பதற்கான சான்று. தொலைக்காட்சித் தொடர் தொடங்குவதற்குள் முடித்துவிடும் வேகத்தில் சொல்லும் வீடுகளில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

என்னிடம் வருகிறவர்களை அதிகம் வாட்டுவது 'உனக்கு விசுவாசம் போதாது' என்ற குற்றச்சாட்டு. சபையில் பொறுப்பு வகிப்பவர்கள் இதற்குப் பயந்தே ஆண்டுக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். 'நானே மாத்திரை சாப்பிட்டால் மற்றவர்களுக்கு எப்படி ஜெபிப்பேன்?' என்று கேட்ட ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம், 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினேன். 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டுச் சூரைச்செடியின்கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆசிரியர் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்த்தார்.

கட்டுப்படுத்த முடியாத கவலை ஆறு மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் நீடித்து, அதோடு உறக்கக் கோளாறு, தசை இறுக்கம், எரிச்சல், கவனக் குறைவு, சோர்வு ஆகியவையும் இருந்தால், அது பதற்றக் கோளாறாக இருக்கக்கூடும். பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் அதற்கு உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உபவாசக் கூட்டத்தில் 'சுகமாகிவிட்டது' என்று சாட்சி சொன்ன மறுநாளே மாத்திரையை நிறுத்தியவர்கள், படபடப்பும் உறக்கமின்மையும் கூடித் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். குறைப்பதையும் நிறுத்துவதையும் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசியே முடிவு செய்ய வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.