தெளிந்த பீர் போத்தலும் வெடிக்கும்

“நல்லா தெளிஞ்சிடுச்சு டாக்டர், அதான் போத்தல்ல ஊத்தி வெச்சேன்.” போன வாரம் செந்தூலிலிருந்து வந்த இளைஞர் சொன்னது இது. அவருடைய வலது கருவிழியைக் கிழித்துக்கொண்டு பழுப்புக் கண்ணாடிச் சில்லு ஒன்று செருகி நின்றது. கோலாலம்பூரில் கண் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடமே ஆகிவிட்டது. இனியும் கேட்கப் பொறுமை இல்லை.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களே, தயவுசெய்து இதை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பீர் தெளிந்தால், சர்க்கரையைச் சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றும் ஈஸ்ட் அடியில் படிந்துவிட்டது என்று பொருள். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல. ஏல் என்னும் பீர் வகைக்கான சில இங்கிலீஷ் ஈஸ்ட்டுகள் வேலை முடியும் முன்பே திரண்டு அடியில் இறங்கிவிடும். அதைவிட மோசம், அவசரப்பட்டு வாளியை ஐஸ்பெட்டிக்குள் தள்ளுவது. 2 டிகிரி குளிரில் எந்த ஈஸ்ட்டும் அடங்கிப்போகும், பீரும் இரண்டு மூன்று நாளில் பளிச்சென்று ஆகிவிடும். கரைந்திருக்கும் சர்க்கரை யார் கண்ணுக்கும் தெரியாது. தெளிந்த பீரிலும் ஈஸ்ட் மிச்சம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் போத்தலில் நுரையே வராதே! அந்தப் போத்தலை 30 டிகிரி அடுப்படி அலமாரியில் வைத்தால் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும்; மிச்சச் சர்க்கரை வாயுவாகி, போக வழியில்லாமல் போத்தலை வெடிக்க வைக்கும். மறுபுறம், கோதுமை பீர் கலங்கலாகத்தான் இருக்கும்; அதனால் ஓர் ஆபத்தும் இல்லை. குளிரில் மட்டும் வரும் மங்கல் புரதத்தால் வருவது, சூடேறினால் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். அடர்த்தி 1.010-இல் (தண்ணீர் 1.000, சர்க்கரை கூடினால் எண்ணும் கூடும்) நிற்க வேண்டிய பீரை 1.014-இலேயே அடைத்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 8 முதல் 10 கிராம் சர்க்கரை உள்ளே மிச்சம். நுரைக்காக நீங்கள் போடும் சர்க்கரை அதற்கு மேல். சரியாக அடைத்த பீரே நம்மூர் வெயிலில் கார் டயரைவிட அதிக அழுத்தத்தில் இருக்கும். இதுவோ அதைப்போல் இரண்டு மடங்கு.

இந்த அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். சாக்குச் சொல்லாதீர்கள், அறுவைச் சிகிச்சைச் செலவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் அசையாமல், எதிர்பார்த்த அளவை ஒட்டியும் நின்றால் மட்டுமே முடிந்தது. ஏர்லாக்கில் (வாளியிலிருந்து வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பு) குமிழ் நின்றதெல்லாம் கணக்கில் சேராது. தெளிய வைக்கும் வேலை அதற்குப் பிறகுதான்: ஐஸ்பெட்டியில் இரண்டு மூன்று நாள், வேண்டுமானால் ஜெலட்டின். (பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது, வீட்டில் ஆகாதென்றால், காய்ச்சும்போதே கடைசிக் கால் மணி நேரத்தில் ஐரிஷ் மாஸ் என்னும் கடற்பாசியைப் போடலாம்.) நுரைக்கான சர்க்கரையைக் கரண்டியால் அள்ளாமல் தராசில் நிறுங்கள், லிட்டருக்கு 6 கிராம் போதும். கிச்சாப் போத்தல், சதுரமான அலங்காரப் போத்தல் எதுவும் வேண்டாம், பீருக்கென்றே செய்த கனமான போத்தல்தான். ஒன்றை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் போத்தலில் அடையுங்கள். அழுத்திப் பார்த்துக் கல்லாக இறுகியிருந்தால் மற்றவற்றையும் குளிரில் வையுங்கள். அவற்றைத் தொடும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் கட்டாயம். மூடியுள்ள பெட்டியில், பிள்ளைகள் நடமாடாத இடத்தில் வையுங்கள்.

மீறி வெடித்துக் கண்ணில் பட்டுவிட்டால், கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், சில்லைப் பிடுங்காதீர்கள், வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, அதைக் கண்ணை அழுத்தாமல் மேலே கவிழ்த்து ஒட்டுங்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது காரோட்டச் சொல்லி நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அன்றைக்கே மயக்கம் கொடுத்துத் தைக்க வேண்டியிருக்கலாம். வழியில் தே தாரிக் கூட வேண்டாம், வெறும் வயிற்றோடு வாருங்கள்.