உங்கள் மொட்டை மாடிக்கும் ஜன்னலுக்கும் ஓர் அளவு உண்டு: ஈகோ நிவாஸ் சம்ஹிதா

மே மாதம் இரவு பதினொரு மணிக்கு, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கட்டில்மேல் ஏறி நின்று தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் இறங்கி ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும், ஆனாலும் கை சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில் அறைக்குள் கக்குகிறது. ஃபேன் போட்டால் தளத்தை ஒட்டி நிற்கும் அந்த அனலைத்தான் கீழே தள்ளும். பிறகு ஏ.சி., பிறகு கரண்ட் பில்.

ஒரு வீட்டுக்குள் எவ்வளவு சூடு இறங்கலாம் என்பதற்கு மத்திய அரசு ஓர் அளவு வகுத்திருக்கிறது. அதன் பெயர் ஈகோ நிவாஸ் சம்ஹிதா. ஏ.சி.யிலும் ஃப்ரிட்ஜிலும் நட்சத்திர லேபிள் ஒட்ட வைக்கும் அதே பி.இ.இ. (எரிசக்தித் திறன் பணியகம்) அமைப்புதான் இதையும் தயாரித்தது. 2018 டிசம்பரில் வந்த முதல் பகுதி சுவர், ஜன்னல், கூரை ஆகியவற்றைப் பற்றியது. லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு போன்றவற்றுக்கான இரண்டாம் பகுதி 2021-இல் வந்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு உடனே பயன்படுவது முதல் பகுதி. அதில் நம் ஊருக்கு நான்கு கணக்குகள் இருந்தாலும், மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். நான்காவது, கண்ணாடி வழியே போதிய வெளிச்சம் வருகிறதா என்பது. சாதாரணக் கண்ணாடி போட்டால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

முதலில் ஜன்னல். நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு கொடுத்திருக்கிறார்கள். சென்னை போன்ற கடலோர ஊர்கள் வெப்பமும் ஈரப்பதமும் கொண்ட மண்டலத்தில் வருகின்றன. இங்கே காற்றோட்டம்தான் உயிர் என்பதால் அளவும் மற்ற மண்டலங்களைவிட அதிகம்: தரைப் பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி. அதற்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். ஐந்துக்கு நான்கு ஜன்னல் வைத்தால் சரியாகப் போச்சு என்று தோன்றும். ஆனால் விதி ஜன்னல் சட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை, எவ்வளவு திறக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. இப்போது எல்லா ஊரிலும் பரவியிருக்கும் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். ஆக, உங்கள் 20 சதுர அடி ஜன்னல் கணக்கில் பத்தாகச் சுருங்கிவிடும். பழைய மாதிரிக் கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் என்றால் 90 சதவீதம், அதாவது 18 சதுர அடி. மூன்று கதவு ஸ்லைடிங்குக்கு 67 சதவீதம். வென்டிலேட்டரையும், திறந்த பால்கனிக்குப் போகும் கதவையும் சேர்த்துக்கொள்ளலாம். விதி இதை வீடு முழுவதற்கும் சேர்த்தே கணக்கிடுகிறது. இருந்தாலும் அறை அறையாக டேப் பிடித்துப் பார்ப்பது நல்லது. ஹாலில் அள்ளிக் கொடுத்துவிட்டுப் படுக்கையறையில் கைவிட்டுவிடும் பிளான்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அடுத்து கூரை. வீட்டுக்கு வெளியேயும் உள்ளேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் சூடு கடக்கிறது என்பதை யூ மதிப்பு என்கிறார்கள். விதிப்படி அது 1.2-ஐத் தாண்டக் கூடாது. நாம் வழக்கமாகப் போடும் ஆறு அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கோ அது மூன்றுக்கு மேல். இதன் பொருள் என்னவென்று ஆயிரம் சதுர அடி தளத்தில் பார்ப்போம். 20 டிகிரி வித்தியாசம், யூ மதிப்பு 3.5 என்று வைத்துக்கொண்டால் உள்ளே இறங்கும் சூடு சுமார் 6,500 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஆறரையைத் தலைக்கு மேல் போட்டு வைத்தது போல. 1.2-க்குக் கொண்டுவந்தால் அது இரண்டு பெட்டி அளவுக்குக் குறைகிறது.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். கட்டாயம் உதவும்; பழைய வீடுகள் குளுமையாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நான்கு அங்குலம் போட்டாலும் மதிப்பு இரண்டுக்குக் கீழே இறங்குவது கடினம். தளத்துக்கு மேலே ஓர் அங்குலத்துக்கு நல்ல அடர்த்தியான தெர்மோகோல் பலகையோ, தண்ணீர் குடிக்காத எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகையோ பரப்பினால் 1.2 எட்டிவிடும். வாட்டர்புரூஃபிங்கை ஒழுங்காகச் செய்து, பலகைக்கு மேல் சிமென்ட் பூச்சும் ஓடும் போட வேண்டும். மேலே போடுவதுதான் முக்கியம். உள்பக்கம் ஃபால்ஸ் சீலிங் அடித்தால் அறை கொஞ்சம் தப்பிக்கும், ஆனால் தளம் வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும்.

வெள்ளைப் பூச்சின் வேலை வேறு. அது யூ மதிப்பைக் குறைக்காது. வெயில் தளத்துக்குள் இறங்குமுன் திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு மலிவான வழி அதுதான். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்து, 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் வீடுகளுக்குக் கட்டாயம் என்றது.

மூன்றாவது கணக்கு சுவரும் கண்ணாடியும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து உள்ளே விடும் சூடு சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. சூத்திரம் நீளமானது, பி.இ.இ. இணையத்தில் இலவசமாகத் தரும் கணிப்பானில் போட்டால் விடை வந்துவிடும். அதிலிருந்து ஒரு செய்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மண்டலத்தில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் ஒரு சதுர மீட்டர் சுமார் 10 வாட் உள்ளே விடுகிறது. நிழல் இல்லாத சாதாரணக் கண்ணாடி கிட்டத்தட்ட 60 வாட் விடுகிறது. திசையையும் பார்க்கிறார்கள்: வடக்குக்கு 0.66-ஆல் பெருக்கினால், கிழக்குக்கும் மேற்குக்கும் 1.15. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த அழகான முகப்புகளைப் பார்க்கும்போது, உள்ளே இருக்கப்போகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். பழைய சன்ஷேடை நல்ல அகலத்தில் திரும்பக் கொண்டுவந்தாலே கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியும்.

சுவருக்கு என்ன கல் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. ஃப்ளை ஆஷ் கல் சூளையில் வேகாதது, அனல்மின் நிலையச் சாம்பலில் செய்வது, ஆகவே கார்பன் குறைவு. ஆனால் சூட்டைத் தடுப்பதில் அது செங்கல்லைவிடப் பெரிதாக மேல் இல்லை. காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்லான ஏ.ஏ.சி. பிளாக், எட்டு அங்குலம் இருந்தால், செங்கல் சுவரில் பாதிக்கும் குறைவான சூட்டையே விடும். அதில் பெரும்பாலும் சாம்பலும் சேர்ந்திருக்கும்.

சரி, இது யாருக்குக் கட்டாயம்? 2018 விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டும் குடியிருப்புகளுக்காக எழுதப்பட்டது. நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. எரிசக்தி சேமிப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், 100 கிலோவாட் மின் இணைப்பும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மாநிலங்கள் அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மாநில அரசு தன் கட்டட விதிகளில் சேர்த்து, பிளான் அனுமதி தரும் அலுவலகம் பார்க்கத் தொடங்கினால்தான் களத்தில் நடக்கும். 2003-இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது அதுதான் நடந்தது. கூரைச் சூட்டுக்கும் அந்த அளவு முனைப்பு வர வேண்டும் என்பது என் ஆசை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த அரசுக்கு அதற்கான காரணம் கையிலேயே இருக்கிறது.

இதில் மானியம் எதுவும் இல்லை. அரைக் கிரவுண்டில் தனி வீடு கட்டுகிறவரை யாரும் வந்து சோதிக்கப் போவதுமில்லை. ஆனாலும் அளவுகள் எல்லாருக்கும் பொது. ஃபிளாட் வாங்குகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டுநரிடம் சம்ஹிதா கணக்கைக் கேளுங்கள், மேல் மாடி என்றால் கூரையின் யூ மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். சொந்தமாகக் கட்டுகிறீர்கள் என்றால், பிளான் தாளில் இருக்கும்போதே இன்ஜினியரிடம் பேசிவிடுங்கள். தளம் போட்டு மேஸ்திரி ஓடு பதிக்கத் தொடங்கிய பிறகு அந்த ஓர் அங்குலப் பலகையை நுழைக்க இடம் இருக்காது.