22 எலக்ட்ரோடு இருந்தா 22 சத்தம் தனித்தனியா கேக்குமா?

காது சரியா கேக்காதவங்களுக்கு ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி தான் காக்ளியர் இம்ப்ளான்ட். அதுல கரண்ட் கொடுத்து நரம்பை தூண்டுற குட்டி முனைகள் தான் எலக்ட்ரோடு. ஒரு கம்பெனி 22 எலக்ட்ரோடு வைக்குது, இன்னொண்ணு 16, இன்னொண்ணு 12. பாத்தா என்ன தோணும், போன் கேமரா மெகாபிக்சல் மாதிரி நம்பர் கூடுனா தெளிவும் கூடும்னு தானே? அங்க தான் சிக்கல்.

உள்காதுல காக்ளியானு நத்தைக்கூடு மாதிரி சுமார் ரெண்டரை சுத்து சுருண்ட குழாய் ஒண்ணு இருக்கு. அதோட வாசல் பக்கம் கீச்சு சத்தத்துக்கு, உள்ள போகப்போக கட்டை சத்தத்துக்கு, அதனால எந்த இடத்து நரம்பு தூண்டப்படுதோ அதை வச்சு மூளை சுருதியை புரிஞ்சுக்கும். இம்ப்ளான்ட்டும் இதே கணக்கு தான், மைக்ல வர்ற சத்தத்தை ஃப்ரீக்வென்சி வாரியா பிரிச்சு ஆளுக்கொரு எலக்ட்ரோடுக்கு அனுப்புது.

ஆனா உள்ள இருக்கிறது உப்புத்தண்ணி மாதிரி ஒரு திரவம், கரண்ட் அதுல நல்லாவே பரவும், ஒரு எலக்ட்ரோடை தட்டுனா பக்கத்து வீட்டு நரம்பும் சேந்து முழிச்சுக்கும். குண்டு கையுறை போட்டுட்டு போன்ல டைப் பண்ற மாதிரின்னு வச்சுக்கோங்க.

இதை எப்படி டெஸ்ட் பண்றாங்கன்னா, ரெண்டு எலக்ட்ரோடை ஒண்ணு மாத்தி ஒண்ணு தூண்டிட்டு எது கீச்சுன்னு கேப்பாங்க. கேக்க ஈசி, ஆனா ஒண்ணு சத்தமா இருந்து இன்னொண்ணு மெல்லமா இருந்தா சுருதி தெரியாமலே வித்தியாசம் சொல்லிடலாம்ல, அதனால முதல்ல ரெண்டோட சத்தத்தையும் சமமாக்கிட்டு, அப்புறம் வேணும்னே லெவலை கொஞ்சம் ஏத்தி இறக்கி குழப்பி விடுவாங்க.

ரிசல்ட் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் பக்கத்து பக்கத்து எலக்ட்ரோடையே பிரிச்சுடுவாங்க, ரெண்டுக்கும் கரண்டை பங்கு போட்டு கொடுத்தா நடுவுல வர்ற சுருதி கூட தெரியும். சிலருக்கு நாலஞ்சு தள்ளி இருந்தா தான் வித்தியாசமே தெரியும், இன்னும் சிலருக்கு ஒண்ணு ரெண்டு எடத்துல சுருதி தலைகீழா கூட இருக்கும், அதாவது கீச்சா கேக்க வேண்டியது கட்டையா கேக்கும். ஒரே காதுல ஒரு பக்கம் சூப்பர், இன்னொரு பக்கம் மக்குன்னும் வரும், ஏன்னா எங்க நரம்பு பிழைச்சிருக்கு, எலக்ட்ரோடு அதுக்கு எவ்வளவு பக்கத்துல படுத்திருக்குங்கிறது இடத்துக்கு இடம் வேற.

இதுல ஒண்ணை நிறைய பேர் மறந்துடுறாங்க, தனித்தனியா தட்டும்போது பிரிக்க முடியறது வேற, பேச்சு கேக்கும்போது எல்லாம் மாத்தி மாத்தி படபடன்னு அடிக்கிறப்போ பிரிக்கிறது வேற. 2001ல வந்த ஒரு ஆய்வுல, இரைச்சலுக்கு நடுவுல பேச்சு கேக்க விட்டப்போ 7, 8 எலக்ட்ரோடு வரைக்கும் தான் முன்னேற்றம் தெரிஞ்சுது, அதுக்கு மேல எத்தனை சேத்தாலும் பெருசா ஏறல. அமைதியான இடத்துல பேச்சுக்கு இதுவே போதும், பாட்டு கேக்குறப்போ தான் பல்லிளிக்கும்.

அதான் மோசமா பிரியிற எலக்ட்ரோடுகளை கண்டுபிடிச்சு ஆஃப் பண்ணிட்டு, மிச்சத்துக்கு ஃப்ரீக்வென்சியை மறுபடி பங்கு போட்டுப் பாக்குறாங்க. சிலருக்கு அப்படி குறைச்சதும் பேச்சு தெளிவாகுது, சிலருக்கு எதுவும் மாறல.